பன்னிரண்டால் பெருக்கு

போன செவ்வாய் மதியம்
சிங்கத்தின் பிடரியைத் தைத்துக்கொண்டிருந்தது எந்திரம்.
கால்பந்து அணிக்கு நாற்பது சட்டை,
இது பதினேழாவது சிங்கம்.
மேசைக்கடியில் பட்டென்று ஒரு சத்தம்,
மீன் கருகிய வாடை.
ஒரு காதோடு நின்றுவிட்டது சிங்கம்.

பவர் சப்ளை தனியாகச் சாகவில்லை.
மதர்போர்டையும்
ஆறு வருட வடிவங்கள் கிடந்த ஹார்ட் டிஸ்க்கையும்
கூட அழைத்துப் போயிருந்தது.
எழுநூறு வாட் என்று நெற்றியில் எழுதியிருந்த சவம்.
வாங்கிய அன்று
நாற்பது ரெயால் மிச்சம் பிடித்ததாக
போம் ரெட்டீரோ முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்.

நாலு திருகாணி கழற்றிப் பார்த்தேன்.
தகரச் சுவரில் ஒட்டிய சாம்பல் நிறப் பாளம்,
எந்தக் கம்பியோடும் பேச்சுவார்த்தை இல்லாமல்.
நகத்தால் சுரண்டினேன். சிமென்ட்.
முழுப் பூசணிக்காய்க்குச் சோறாவது வேண்டும்;
இவர்களுக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை.

ஆகவே இன்று, சான்டா இஃபிஜேனியா தெருவில்,
"தூக்கிப் பாருங்கள் டோனா வால்டெலிசி,
கனம்தான் தரம்" என்று
ஜுராண்டிர் என் கையில் பெட்டியை வைத்தபோது
நான் தூக்கிப் பார்க்கவில்லை.
செம்புச் சுருள் கனம்தான்,
சூடு குடிக்கும் அலுமினியம் கனம்தான்.
எங்கள் வீட்டுப் படிக்கட்டும் கனம்தான்.

கைபேசி விளக்கை விசிறிக் கம்பிகளுக்குள் விட்டேன்.
பலகையில் பெயர் அச்சிட்ட இடங்கள், ஆள் இல்லை.
வடிகட்டிச் சுருள் வர வேண்டிய நாற்காலியில்
வளைத்த கம்பித் துண்டு ஒன்று
வருகை கொடுத்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்த கம்பிகளை நெருடினேன்.
பதினெட்டு என்று அச்சிட்டால் தடிப்பு,
இருபத்திரண்டென்றால் ஒல்லி.
இங்கே மட்டும் எண் பெருத்தால் சரக்கு சிறுக்கும்.
இது இருபத்திரண்டு.

பின்னால் ஒரு சிவப்பு விசை:
நூற்றுப் பதினைந்தா, இருநூற்று முப்பதா,
நீயே சொல் என்கிறது.
நல்லவை கேட்பதில்லை,
வருகிற மின்சாரத்தின் முகத்தைப் பார்த்தே
தெரிந்துகொள்ளும்.

பொன்னிற வட்டம் ஒன்று, பத்தரை மாற்றுப் பளபளப்பு.
உரைத்துப் பார்த்தேன். விரலோடு வந்துவிட்டது.

அப்புறம் சீட்டு. ஐந்நூறு வாட், நெருப்பெழுத்தில்.
கீழே, எறும்பெழுத்தில்,
பன்னிரண்டு வோல்ட்டுக்குப் பதினெட்டு ஆம்பியர்.
பன்னிரண்டால் பெருக்கு:
இருநூற்றுப் பதினாறு.
மூன்றையும் ஐந்தையும் தாராளமாகச் சேர்த்தாலும்
முந்நூறைத் தாண்டவில்லை.
மிச்சம் இருநூறு
அட்டைப் பெட்டியில் வரைந்த தீக்குள்தான் எரிகிறது போல.

"உங்கள் கம்ப்யூட்டரில் என்ன போட்டிருக்கிறீர்கள்?"

ஜுராண்டிர் விசைப்பலகையிலிருந்து கை எடுத்தார்.
நான் கல்லாவுக்கு மேலாக எட்டிக் குனிந்தேன்.
தூசி. சாம்பல் நிறம். தீயும் இல்லை, டிராகனும் இல்லை.
நானூற்றைம்பது.
வெறும் நானூற்றைம்பது.

"அது விலை ஜாஸ்தி" என்றார், என்னைப் பார்க்காமல்.
கீழ்த்தட்டிலிருந்து அதன் உடன்பிறப்பை எடுத்தார்.
முப்பத்தாறு ஆம்பியர்.
பெருக்கினேன். நானூற்று முப்பத்திரண்டு.
ஐந்து வருட உத்தரவாதம்,
தெருப் பெயரும் கதவு எண்ணும் போட்டு.
விலை மூன்று மடங்கு.
பதினோரு ரெயால் குறைத்தார்,
சின்னக் கோப்பையில் காப்பி தந்தார்.

காப்பி பாதியில் இருக்கும்போது
ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே வந்தான்
பொட்டலம் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன்.
ஜுராண்டிர் நெருப்பெழுத்துப் பெட்டியை
அவன் கையில் வைத்தார்.
அவன் ஏற்றி இறக்கிப் பார்த்தான்.
கண்ணாடிக்குள் முகம் மலர்ந்தது.

இரண்டே சொல் போதும்.
தொண்டை வரை வந்தது.
பதினோரு ரெயால் அங்கே உட்கார்ந்திருந்தது.

இரவு, கடன் வாங்கிய போர்டில் பூட்டி, பொத்தானை அழுத்தினேன்.
சத்தமே இல்லை;
விசிறி சுற்றுகிறதா என்று
காகிதம் காட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.
வடிவத்தை நினைவிலிருந்து வரைந்தேன்,
விட்டுப்போன காதைத் தைத்தேன்.
கொஞ்சம் நாய்க்காதாக வந்துவிட்டது.

மேசைக்கடியில் குனிந்து
இரண்டு தடவை முகர்ந்துகொண்டேன்.
ஒன்று எனக்காக.